ஞானையனின் குப்பி

மூத்திரத்தோடு சேர்ந்து ஸ்பிரிட் அடுப்பில் கொதித்த நீல மருந்து செங்கல் நிறமானது. கம்பவுண்டர் பகவதிப்பெருமாள் கண்ணாடிக் குழாயை ஞானையனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாரும் வேய். உம்ம மூத்திரத்திலே பாயசமே வைக்கலாம்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீரு."

"நேத்து இவ்வளவு சிவக்கல்லே."

ஞானையனுக்குக் கன்னத்தின் உள்ளே, புகையிலை ஒதுக்கும் இடத்தில், நெல்லிக்காய் அளவில் புற்று. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நீரிழிவோடு அறுத்தால் புண் ஆறாது, சீழ் பிடித்து ஆளையே கொண்டு போய்விடும், சர்க்கரை இறங்கிக் குழாயில் நீலம் மாறாமல் நின்றால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாமதித்தால் புற்று தாடையைப் பிடிக்கும் என்று சொன்னவரும் அவரே.

ஞானையன் சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். எதையும் நம்ப மாட்டார். புதிதாக வந்த சர்க்கார் பஸ்ஸை நம்பாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். காலையில் மூத்திரக் குப்பியை நிரப்பிக் கிணற்றடியில் வைப்பார். வேட்டி மாற்றி வருவதற்குள் மனைவி ரத்னாபாய் அதைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருப்பாள். அவளை மட்டும் நம்பினார்.

முதலில் சீனியை விட்டார். கருப்பட்டிக் காப்பியை விடவில்லை. பனையில் ஊறுவது என்ன கெடுதல் செய்யும்? குழாய் சிவந்தது. கருப்பட்டியையும் விட்டார். இன்னும் சிவந்தது. மருந்தில்தான் கள்ளத்தனம் என்று சண்டை போட்டு, குழாயைத் தானே கழுவிக் கொடுத்தார். கழுவிய குழாயும் சிவந்தது. சோற்றை விட்டார், கிழங்கை விட்டார், முருங்கைக் கீரைக்கு வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் எதையும் கொட்டுகிற வழக்கமில்லை. அவர் ஒதுக்கியதையெல்லாம் ரத்னாபாய் தின்று தீர்த்தாள்.

வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு ஞானையன் மெலிந்தார். குழாய் மட்டும் நாளுக்கு நாள் கூடுதலாகச் சிவந்தது. ஒளித்துத் தின்கிறாய், இனி ஒரு வாரம் போனால் அறுத்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் கையை விரித்தார்.

ஞானையன் வீட்டுக்கு வந்தார். யோக்கியம் பார்த்தது போதும் என்று தோன்றிவிட்டது. வாய் சரியாகத் திறக்கவில்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"ஏட்டி, நாளைக்கு உன்னுதைப் பிடிச்சு ஒரு குப்பியிலே தா. என்னுதுன்னு சொல்லிக் குடுத்திருதேன். உனக்குத்தான் சீக்கு ஒண்ணும் கிடையாதுல்லா?"

ரத்னாபாய் குடித்துக்கொண்டிருந்த கருப்பட்டிக் காப்பியைக் கீழே வைத்தாள்.

"அந்த யோசனை எனக்கு, நீலம் நிக்கணும்னு டாக்டர் சொன்ன அண்ணைக்கே வந்துட்டு. இத்தனை நாளும் நீங்க கொண்டு போனது என்னுதுதானே."