நாலுகுரலக்கா

ராஜபாளையத்தில் பட்டப்பகலில் ஆட்களைப் பயமுறுத்தத் தெரிந்த ஒரே ஆள் நாலுகுரலக்காதான். அதற்காக அவள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாலே போதும்.

இணையதளங்கள் செய்துகொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "உள்ரூமுக்குப் போம்மா, அக்கா இருக்கு" என்றார் முதலாளி. கதவைத் திறந்தேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விளக்கு இல்லை. எந்தத் திரையிலும் வெளிச்சம் இல்லை. அந்த இருட்டுக்குள் ஓர் ஆண்குரல் மூச்சுவிடாமல் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் அதையே ஒரு பெண்குரல் வேறு மாதிரி சொன்னது. என் கால் வாசலைத் தாண்டவில்லை.

"நின்னா எப்பிடி? கதவச் சாத்திட்டு உள்ள வா ஏட்டி" என்றது மூலையிலிருந்து இன்னொரு குரல். அதுதான் அக்கா.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நாங்கள் செய்யும் தளங்கள் பார்வையற்றவர்களுக்குப் பயன்படுமா என்று சோதிப்பது அவள் வேலை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஸ்கிரீன் ரீடர் என்று ஒன்று உண்டு. அது எந்த பிரவுசரோடு சேர்கிறதோ அதற்குத் தக்கபடி பேச்சு மாறும். அக்காவின் மேஜையில், ஒரு ஸ்கிரீன் ரீடரும் ஒரு பிரவுசருமாக, நாலு ஜோடி இருந்தன. ஒரு லேப்டாப்பில் என்விடிஏவும் ஃபயர்ஃபாக்ஸும், அடுத்ததில் ஜாஸும் குரோமும், மூன்றாவதில் வாய்ஸ்ஓவரும் சஃபாரியும். நாலாவது ஒரு போன். நாலும் நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் பேசும். பார்க்க ஆளில்லாத திரை எதற்கு என்று திரை வெளிச்சத்தை மட்டும் அணைத்துவைத்திருப்பாள்.

டீ கொண்டுவருகிறவர் கிளாஸ்களை மாடிப்படியிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடுவார். ஒருநாள் என்னை மடக்கினார்.

"உள்ள ஒரு ஆளுதான இருக்கு. பொறவு யாருகூடம்மா பேசுது?"

"கம்ப்யூட்டர் பேசுது அண்ணாச்சி."

"அதுக்கு அந்தப் பொண்ணு பதில் சொல்லுதே."

அது உண்மை. "பொத்தான் பொத்தான்னா? என்ன பொத்தான்னு சொல்லு மூதி" என்று அக்கா லேப்டாப்பைத் திட்டுவது படி வரைக்கும் கேட்கும்.

முதலாளிக்கு நாலு ஜோடி அதிகம் என்று எண்ணம். "ஒண்ணுல பாத்தாப் போதாதாம்மா? அந்தப் போனாவது வேண்டாமே" என்பார்.

"ஒலகத்துல உள்ள ஜோடி அம்புட்டையும் பாக்கணும்னா சொன்னேன்? சனங்க கையில எது இருக்கோ அதப் பாத்தாப் போதும் சார். இங்கன பார்வையில்லாத ஆளுகள்ல எம்புட்டுப் பேரு லேப்டாப் வச்சிருக்காவ? எல்லாரும் போனுதான். அத விட்டுட்டு மத்ததப் பாத்து என்ன செய்ய?"

ஒருமுறை, ஒரு மருத்துவமனைக்காக முன்பதிவுத் தளம் செய்தோம். நோயாளி தன் வரிசை எண்ணைப் போனில் பார்த்துக்கொண்டு வெளியே காத்திருக்கலாம். முறை வந்தால் அந்த இணையப்பக்கமே சொல்லும். மறுநாள் காலை தளத்தைத் திறப்பதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் அக்கா கை கழுவப் போனாள். இருட்டறையில் நான் மட்டும்தான். மூன்று லேப்டாப்பும் பேசி முடித்து அமைதியாக இருந்தன.

"அடுத்தவர் உள்ளே வரலாம்" என்றது ஒரு பெண்குரல்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. செத்த நேரம் கழித்து மறுபடியும், அதே கனிவோடு, "அடுத்தவர் உள்ளே வரலாம்." கறுப்பாகக் கிடந்த போனிலிருந்துதான் வந்தது. படியில் கிளாஸ் உடையும் சத்தம் கேட்டது. டீக்காரருக்கும் அழைப்பு போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பின் அவர் எங்கள் கட்டடத்துக்கே வரவில்லை.

அக்கா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். "யாரு ஏட்டி உள்ள கூப்பிட்டது?"

"நான் இல்லக்கா. போனு."

"சோதனைக்குப் போட்ட நம்ம நம்பரு இன்னும் வரலையே."

நாலிலும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்று லேப்டாப்பும் வாய் திறக்கவில்லை. போன் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தப்பு போனுடையது அல்ல, நாங்கள் செய்த இணையப்பக்கத்துடையது. கண்ணுக்குத் தெரியாமல், குரலுக்கு மட்டுமென்று ஒரு வரி உள்ளே வைத்திருந்தோம். முறை வரும்போது மட்டும் பேச வேண்டிய அந்த வரி, போனில் வரிசை எண் மாறும்போதெல்லாம் பேசியது.

"ஒண்ணே ஒண்ணுலதான. காலையில தெறந்துட்டுப் பொறவு சரி பண்ணிக்கலாம்" என்றார் முதலாளி.

அக்கா வாதாடவில்லை. அவரை இருட்டறைக்குள் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். போனைக் கையில் கொடுத்தாள். "இது ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே ரூமு வாசல்ல இருக்கிய. கண்ணு தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் சுவரோரமாக நின்றேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. முதலாளி மூச்சுவிடுவது கேட்டது.

"அடுத்தவர் உள்ளே வரலாம்."

நாற்காலி நகர்ந்தது. தடதடவென்று காலடி. மேஜையில் முழங்கால் இடிக்கும் சத்தம். எங்கிருக்கிறாள் என்றே தெரியாத இடத்திலிருந்து அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எங்க சார் போறிய? உள்ள வேற ஆளுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டிருக்காவ."

வெளியே வந்ததும் முதலாளி மருத்துவமனைக்குப் போன் போட்டு, "இன்னும் சோதிக்க வேண்டியிருக்கு" என்றார். முகத்தில் வேர்வை வழிந்தது. நாலு ஜோடியிலும் சரியான பிறகுதான் தளம் திறந்தது.

அதை அடுத்து வந்த புரட்டாசிச் சனிக்கிழமை அக்காவும் நானும் திருவண்ணாமலைக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி மலைமேல் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலை. சரியான கூட்டம். மேளம், ஒலிபெருக்கி, கோவிந்தா கோஷம், பிள்ளைகள் அழுகை. பாதிப் படியில் அக்கா நின்றுவிட்டாள். பிடித்திருந்த என் முழங்கையை இன்னும் இறுக்கினாள்.

"என்னக்கா?"

"சத்தம் பூரா ஒண்ணாக் கெடக்கு. எது எங்கன்னு பிரிக்க முடியல. பயமா இருக்கு ஏட்டி. நீ பேசிக்கிட்டே வா."

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது. நிப்பாட்டிராத."

பேசினேன். காலையில் தின்ற இட்லி, பஸ்ஸில் சண்டை போட்ட கண்டக்டர், முன்னால் போகிறவரின் மொட்டைத்தலை, அதன்மேல் பூசிய சந்தனம். மேலே ஏறி, பெருமாளைப் பார்த்து, கீழே இறங்கும்வரை நான் வாயை மூடவில்லை.

திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. அக்கா தன் பையைத் துழாவி ஒரு துண்டு சித்தரத்தையை எடுத்தாள். என் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.