ஞாயிறு பந்தயத்துக்கும் திங்கள் கல்யாணத்துக்கும் நாலே டயர்

செஞ்சி,
24-2-1966

அன்புள்ள தம்பி அரங்கநாதனுக்கு, அக்காள் ஜெயம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, மகள் சாரதா மூவரும் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம். உன் வீட்டிலும் எல்லோரும் அப்படியே இருக்க சிங்கவரம் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

உன் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அதில் நலம் விசாரித்தது ஒரு வரி, மீதி ஒன்றரைப் பக்கமும் திட்டு. சோழவரம் கார் பந்தயத்தில் புடவை கட்டிய ஓர் அம்மாள் ஃபியட் ஓட்டினாள், ஊர் செஞ்சி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அது உன் அக்காவா என்று ஆபீஸில் கேட்டார்கள், உனக்குத் தலைகுனிவாகப் போயிற்று என்று எழுதியிருக்கிறாய். அது நான்தான். தலையை நிமிர்த்திக்கொண்டு மேற்கொண்டு படி.

இதற்கெல்லாம் காரணம் நீ. போன வருஷம் எங்களை அங்கே வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனவன் நீ. பெண்கள் பந்தயம் ஓடும்போது கடலை மென்றுகொண்டே, "அக்கா, இதெல்லாம் மெட்ராஸ் பொம்பளைங்களுக்குத்தான். நீ வல்லத்துக்கு அண்டா ஏத்திக்கினு போறதோட நிறுத்திக்க" என்று சொன்னவனும் நீ. உன் மாமாவுக்குக் கண் மங்கி, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நம் பாத்திரக் கடைச் சரக்கை ஊர் ஊராக ஏற்றிப்போகிறவள் நான். மூன்று வருஷத்தில் ஒரு சொம்பு நசுங்கியதில்லை. நீ அடுத்த கடலையை வாயில் போடுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். ஊர் வந்ததும் விண்ணப்பத்துக்கு எழுதிப்போட்டேன்.

உன் மாமா சண்டை போடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி ஒன்றே ஒன்று சொன்னார். "ஓட்டு, நான் வேணாங்கல. ஆனா ஞாயித்துக்கெழம போற வண்டி திங்கக்கெழம காலையில அனந்தபுரத்துல நிக்கணும். மீனம்பாள் பொண்ணு கல்யாணத்துக்குச் சீர் அத்தனையும் நம்ம சரக்கு. ஒம்பது மணி முகூர்த்தம். குத்துவிளக்கு போய்ச் சேரலன்னா அந்த ஊர்ல அப்புறம் நாம தலை காட்ட முடியாது." நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த ஒரு பேச்சில்தான் என் இரண்டு மாத உயிர் போயிற்று. ஏனென்றால் பழைய டயர் நாலும் வழுக்கையாகிவிட்டன, அந்த இரண்டு நாளுக்கும் புதிதாகப் போடப்போவது ஒரே ஒரு செட். அது சோழவரத்துக் கான்கிரீட் ஓடுதளத்தின் திருப்பத்தில் பிடிக்கவும் வேண்டும், மறுநாள் அனந்தபுரத்துக் கருவேல முள்ளுக்கும் மாட்டு லாட ஆணிக்கும் தாங்கவும் வேண்டும். பஸ் ஸ்டாண்டு அருகில் டயர் கடை வைத்திருக்கும் தனகோட்டியிடம் கேட்டேன். "ஒண்ணு ஓடுற டயரு, ஒண்ணு ஒழைக்கிற டயரு. ரெண்டும் ஒண்ணுல வேணும்னா, அது எங்கியும் விக்கிறதில்லம்மா" என்றான். விற்கிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் உன் பேச்சைக் கேட்டேன். பந்தயக்காரர்கள் மெத்தென்ற ரப்பர்தான் போடுவார்கள், தரையைக் கவ்விக்கொண்டு ஓடும் என்று மார்கழியில் நீதான் எழுதியிருந்தாய், சாரதாவுக்குப் புத்தகம் அனுப்பியபோது கூட வைத்த கடிதத்தில். நான் எதற்குக் கேட்டேன் என்று தெரியாமலே எழுதினாய், மறந்திருப்பாய். மெட்ராஸிலிருந்து லாரியில் இரண்டுதான் கிடைத்தது, பின்சக்கரத்துக்குப் போட்டேன். தொட்டால் இட்லி மாதிரி இருந்தது. அந்த டயரோடு வல்லத்துக்கு இருபது குடம், நாலு அண்டா ஏற்றிக்கொண்டு நானும் உன் மாமாவும் புறப்பட்டோம். தரையைக் கவ்வியது உண்மை, தரையில் கிடந்த அத்தனை முள்ளையும் சேர்த்துக் கவ்வியது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒன்று, ஏரிக்கரையில் இரண்டு, வல்லம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நாலாவது பஞ்சர். நான் ஜாக்கி போட்டுக்கொண்டிருக்க, உன் மாமா வெயில் தாங்காமல் ஓர் அண்டாவைக் கவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியாக வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா நைனா, அண்டா வெலைக்கா?" என்று கேட்டார். உன் மாமா அண்டாவுக்குள்ளிருந்தபடியே விலை சொன்னார். அங்கேயே ஒன்று விற்றுப்போயிற்று. அதனால் அன்றைக்கு அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவதாக, அந்த மெத்து டயரைக் கழற்றிவிட்டு, பெரிய பெரிய கட்டைகளாக ரப்பர் தூக்கிக்கொண்டிருக்கும் பட்டன் டயரைப் பின்னால் போட்டேன். முள் என்ன, கடப்பாரையே இறங்காது. ஒரு வாரம் நிம்மதி. ஆனால் அது கான்கிரீட்டில் எப்படித் திரும்பும் என்று பார்க்க வேண்டுமே, செஞ்சியில் கான்கிரீட்டுக்கு எங்கே போவது. பொன்னுசாமியின் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை காயவைக்கும் சிமெண்ட் களம் இருக்கிறது, பெரிய களம். ஒரு மூலையில்தான் குவியல் இருந்தது, மீதி காலி. அவரிடம் அனுமதி கேட்டேன், எதற்கு என்று சொல்லவில்லை, அது என் தப்பு. இரண்டு சுற்று மெதுவாகப் போனேன். மூன்றாவது சுற்றில் சோழவரத்தை நினைத்துக்கொண்டு அழுத்தித் திருப்பினேன். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை, நேராகப் போவேன் என்று அடம் பிடித்தது. வண்டி குறுக்குவாட்டில் வழுக்கிப்போய்க் குவியலுக்குள் கதவு வரை புதைந்தது. தூசி அடங்கியதும் ஜன்னல் பக்கம் பொன்னுசாமியின் முகம் தெரிந்தது. கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். "ஏம்மா, வண்டி ஓட்டுறியா, மல்லாட்டை ஒடைக்கிறியா?"

அன்று பொழுது சாயும்வரை அங்கே வேலை செய்யும் காத்தாயியோடும் மற்றப் பெண்களோடும் உட்கார்ந்து, சிதறியதைப் பொறுக்கிக் குவித்து, நொறுங்கியதைத் தனியே எடுத்தேன். அக்காள் களத்தில் மல்லாட்டை பொறுக்கினாள் என்று இதற்கும் உனக்குத் தலைகுனிவு வந்தால் வரட்டும். காத்தாயி முறத்தைப் புடைத்துக்கொண்டே என் வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்கக் கூடாது. முன்னாடி வழவழன்னு ஒரு சக்கரம், பின்னாடி மொட்டு மொட்டா ஒரு சக்கரம். ஒரு கால்ல செருப்பும் ஒரு கால்ல பூட்சும் போட்டுக்கினு நடந்தா எப்படிம்மா? நாலையும் ஒரே மாதிரி போடக் கூடாதா?" நான் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டேன். மெட்ராஸ் கடைக்காரர், தனகோட்டி, நீ, ஒருத்தராவது இதைச் சொன்னீர்களா.

மறுநாளே தனகோட்டியிடம் போய், மெத்தும் வேண்டாம், பட்டனும் வேண்டாம், நெடுக நாலு கோடு ஓடுகிற சாதாரண ரோட்டு டயர், நாலும் ஒரே வகை, ஒரே வயசு, போடு என்றேன். போட்டான். அப்புறம் காற்று எவ்வளவு வைப்பது என்று வந்தது. இருபத்தாறு பவுண்டு என்றான் அவன், குறைத்தால் பிடிக்கும் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார், ஏற்றினால்தான் பிடிக்கும் என்று இன்னொருவர் சொன்னார். தனகோட்டி வெற்றிலை போட்ட கையின் சுண்ணாம்பை என் டயரின் ஓரத்தில் தடவிவிட்டுப் போய்விட்டான், அசிங்கம் பிடித்தவன். ஆனால் பொன்னுசாமியின் களத்தில் (இந்த முறை குவியல் இல்லாத நாளாகப் பார்த்து அவரே சொல்லி அனுப்பினார், பக்கத்து ஸீட்டில் தானும் உட்கார்ந்துகொண்டார்) நாலு திருப்பம் திரும்பிவிட்டு இறங்கிப் பார்த்தால், சுண்ணாம்பு பாதி தேய்ந்திருந்தது. அதாவது திருப்பத்தில் டயர் மடங்கிப் பக்கவாட்டால் ஓடியிருக்கிறது. அப்புறம் நாலு டயருக்கும் நானே சுண்ணாம்பு வைத்து, காற்றை ஏற்றி ஏற்றித் திருப்பிப் பார்த்தேன். முப்பத்துநாலில் சுண்ணாம்பு கலையவில்லை, வண்டியும் துள்ளவில்லை. ரோட்டுக்கு இருபத்தாறு, பந்தயத்துக்கு முப்பத்துநாலு. டயர் ஒன்றுதான், காற்றுதான் வேறு. கால் பம்ப் ஒன்று இருந்தால் போதும். கடைத்தெருவில் நம் டயரில் வெள்ளைப் பொட்டைப் பார்த்துவிட்டுத் திருஷ்டிக்கு வைத்திருக்கிறோம் என்று நினைத்து டாக்ஸிக்காரர் இரண்டு பேர் தாங்களும் வைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமையே புறப்பட்டு, தாம்பரத்தில் மங்கை சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு காலை பந்தயக் களத்துக்குப் போனோம். உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் உனக்கே தெரியும். சோதனை செய்கிறவர் குனிந்து டயரைப் பார்த்து, "அம்மா, இது மார்க்கெட்டுக்குப் போற டயராச்சே" என்றார். "ஆமாங்க, நாளைக்குப் போவணும்" என்றேன். தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், விட்டுவிட்டார். மற்றப் பெண்கள் எல்லாம் பேண்ட் போட்டிருந்தார்கள், வண்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பெண்கள், ஒருத்தி என் ஹெல்மெட்டின் வாரை எனக்குக் கட்டிவிட்டாள்.

பயமில்லை என்று எழுதினால் பொய். கொடி இறங்கியதும் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. முதல் திருப்பத்தில் வைக்கோல் கட்டுகளைப் பார்த்ததும் பொன்னுசாமியின் குவியல் ஞாபகம் வந்து, வல்லத்து வேகத்தில் திரும்பினேன். எல்லோரும் முந்திப் போய்விட்டார்கள். இரண்டாம் சுற்றில் கொஞ்சம் விட்டேன், டயர் கீச்சென்று அழுதது, ஆனால் விலகவில்லை. மூன்றாம் சுற்றில் இன்னும் விட்டேன். பின்பக்கம் லேசாக நகர்ந்தது, நான் ஸ்டியரிங்கைத் துளி திருப்பிக் கொடுத்ததும் அடங்கி வந்துவிட்டது. தம்பி, அந்த ஒரு நிமிஷத்தில் நாலு சக்கரமும் எங்கெங்கே இருக்கிறது என்று என் உள்ளங்கையில் தெரிந்தது. அதை உனக்கு எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஐந்து சுற்றும் முடித்தேன். நான்காவது இடம்.

முடிந்ததும் காற்றை இருபத்தாறுக்கு இறக்கினேன், உன் மாமாவை ஏற்றிக்கொண்டேன், நூறு மைலுக்கு மேல் அதே டயரில் ஓட்டி விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தேன். மற்றவர்கள் லாரிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஏழரை மணிக்குக் குத்துவிளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் அனந்தபுரத்துப் பந்தலில். மீனம்பாள் என் முகத்தைப் பார்த்து, "இன்னா ஜெயம், கண்ணெல்லாம் செவந்திருக்குது?" என்றாள். "நேத்து கொஞ்சம் தூசி" என்றேன். ஒரு பஞ்சர் இல்லை.

ஆகவே உன் கடிதத்துக்கு என் பதில் இதுதான். ஒரே டயரில் இரண்டும் முடியும் என்று காட்ட நினைத்தேன், காட்டிவிட்டேன். இனி எனக்குப் பந்தயம் கிடையாது. வண்டி இனி வியாபாரத்துக்கு மட்டும். இதில் மாற்றமில்லை, உன் ஆபீஸிலும் சொல்லிவிடு. உன் மாமாவுக்கும் இந்த இரண்டு மாதம் பெரிய தொந்தரவு, முதல் நாளிலிருந்தே அவருக்கு இதில் இஷ்டமில்லை, வாய்விட்டுச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. கோபத்தை ஒதுக்கிவிட்டு மாசி மகத்துக்கு எல்லோரும் வந்துசேரவும். நீண்ட ஆயுளோடு இரு.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஜெயம்

பி.கு.: மைத்துனர் அரங்கநாதனுக்குத் தேவநாதன் எழுதுவது. உன் அக்காள் கடைக்குப் போயிருக்கிறாள், தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். எழுத்து பெரிது பெரிதாக இருப்பதற்கு மன்னிக்கவும். அவள் நான்காவதாக வந்தது உண்மை. ஓடியதும் நாலு வண்டிதான். ஆனால் முதல் சுற்றில் முன்வண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பர்லாங் இருந்தது, கடைசிச் சுற்றில் ஒரு வண்டி நீளம்கூட இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இன்னும் இரண்டு சுற்று இருந்திருந்தால் போதும். அவள் காற்று இறக்கிக்கொண்டிருந்தபோது நான் மெல்லப் போய், மூன்றாவதாக வந்த வண்டியின் டயரில் மூக்கை வைத்து எழுத்துகளைப் படித்து, சிகரெட் அட்டையில் எழுதி வந்தேன். அட்டையை இதனுள் வைத்திருக்கிறேன். அதே டயர் நாலு பார்த்து வைக்கவும். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி டயர் இருக்கட்டும். அடுத்த வருஷத்து விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன், அவளுக்கு இன்னும் தெரியாது.