அதிர்ச்சி அலையில் சுற்றிய தாலி

அதிகம் படித்தவளிடம் பெறுமதியான பொருளைக் கொடுத்தனுப்பக் கூடாது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் மன்னாரில் இல்லை.

யுத்த காலம். பள்ளிமுனைக் கத்தோலிக்கக் கோயிலில் நாலு மணிக்கு அண்ணனுக்குக் கலியாணம். வவுனியாவில் செய்வித்த தாலியைக் கொண்டுவரும் பொறுப்பு, பல்கலைக்கழகத்திலிருந்து வந்துகொண்டிருந்த என்னிடம். நகைப்பெட்டியைக் கண்டால் சோதனையில் கிளறுவார்கள் என்று, தாலியை என் பௌதிகக் குறிப்புத் தாளில் சுற்றினேன் (மூளையைப் பாருங்கள்!).

அந்தத் தாளில் இரண்டு பேரடைக் கொத்துகள் மோதிக்கொண்டிருந்தன. ஆயிரம் பால்வீதிகள் சேர்ந்த கும்பல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டம், பக்கத்தில் வளைந்த அதிர்ச்சி அலை, எங்கும் அம்புக்குறி.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தின் இந்தப் பக்கச் சென்றியில், அதாவது காவலரணில், கொஞ்சம் தமிழ் தெரிந்த ஆமிக்காரர் தாளை விரித்தார்.

“இது எந்த ரெண்டு ஆமிக் காம்ப்?”

“காம்ப் இல்லை, மாத்தயா. வானத்தில நடந்தது. மோதி முடிஞ்சு கோடிக்கணக்கான வருசம்.”

“முடிஞ்சா ஏன் இன்னும் அம்பு?”

பரீட்சையில்கூட இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் அந்தப் பக்கச் சென்றியில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அங்கே போனால், இந்தப் பக்கத்துக் கடிதம் கேட்டார்கள்.

மூன்று தரம் பாலத்தைக் கடந்தேன். ஒவ்வொரு தரமும் ஒரு சந்தேகம் கூடியது. முதலில் வரைபடம், பிறகு தங்கம், பிறகு தங்கத்தை ஏன் வரைபடத்தில் சுற்றினாய் என்பது. நாலாம் தரம் திரும்பி வரும்போது, நடுப்பாலத்தில்தான் எனக்கு உறைத்தது. அதிர்ச்சி அலையை ஒரு துகள் மாறி மாறிக் கடக்கும், கடக்கும் ஒவ்வொரு தரமும் அதற்குச் சக்தி ஏறும், கடைசியில் தப்பி ஓடும் என்று அதே தாளில் நானே எழுதியிருந்தேன். எனக்கு ஏறியது கோபம். மணி மூன்றரை. முதல் ஆமிக்காரரிடமே போய்க் கத்தினேன்.

“தாலி இல்லாமல் அண்ணை பீடத்துக்கு முன்னால நிக்கப்போறார்! நம்பாட்டி நீங்களே வந்து பாருங்கோ!”

வந்தேவிட்டார், ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு.

“தாலி செய்யேல்லைப்போல. அதை மறைக்க ஆமியைக் கூட்டிக்கொண்டு வாறாள்,” என்றார் கோயில் வாசலில் பெண்ணின் மாமி, எனக்குக் கேட்கும்படியாகவே. அவமானத்தில் அழுதுவிட்டேன். ஆமிக்காரரோ தாலி கட்டி முடியும்வரை கண் வெட்டாமல் பார்த்தார். பிறகு தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

அந்தத் தாள் இன்றும் அண்ணன் வீட்டு அலுமாரியில், கலியாணச் சான்றிதழோடு கிடக்கிறது. வீட்டில் சண்டை வந்து, “அது முடிஞ்ச கதை, விடுங்கோ,” என்று மச்சாள் சொன்னால் போதும், அண்ணன் எழும்பிப் போய் அதை எடுத்து விரிப்பார்.

“முடிஞ்சா ஏன் இன்னும் அம்பு?”