இருபது சதவீதக் கேன்

வாளியைக் காலால் இழுத்து, கையில் இருந்த குடுவையை அதில் கவிழ்த்தான் சுதன்.

"ஒரு லிட்டர் மருந்துக்கு வாளி எதுக்கு மருமவனே?" என்றாள் விஜயராணி. தாராவியின் அந்த மருந்துக் கடைக்கு முதலாளி; சுதனுக்கு அத்தை.

பல் டாக்டர் கேட்டது வாய் கொப்புளிக்கும் மருந்து. கேனில் இருப்பது இருபது சதவீதம், வேண்டியது புள்ளி இரண்டு. நூறு மடங்கு நீர்க்க வேண்டும். பார்மசி டிப்ளமோவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சுதன், பத்து மடங்கோடு நிறுத்திவிட்டான். கொப்புளித்தால் வாய் வெந்துவிடும்.

கொட்டிவிட்டு மறுபடி கலக்கலாம். ஆனால் கொட்டுவதெல்லாம் கணக்குத் தெரியாதவர்கள் செய்வது. ஆகவே வாளி.

இன்று மருந்து சரியாகப் போனால் கலவை அறை அவனுக்கு நிரந்தரம். பிசகினால் தாணேயில் உள்ள கிளைக் கடையில் டயபர் விற்கலாம் என்று அத்தை காலையிலேயே சொல்லியிருந்தாள்.

வாளி நிறைந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. மருந்தை முதலில் ஊற்றி, மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை நீர் சேர்ப்பது முறை. அவனோ குடுவையில் முழு லிட்டர் நீரை வைத்துக்கொண்டு அதன் தலையில் மருந்தை ஊற்றியிருந்தான். வீரியம் குறைந்திருக்கும்.

கேனைச் சாய்த்தான். கை கொஞ்சம் தாராளம். அதைச் சரிக்கட்ட நீர். வாளி போதவில்லை. தண்ணீர் வெட்டுக்குப் பயந்து சனிக்கிழமையே கடையின் பாத்திரங்களையெல்லாம் நிரப்பி வைத்திருந்ததால், காலி டிரம் ஒன்று தேடிப் பிடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. டிரம்மில் நீர் கூடிப்போக, கேனில் மிச்சமிருந்ததும் கடைசிச் சொட்டு வரை உள்ளே போனது.

"தாராவி பூராவும் கொப்புளிக்கப் போவுதாக்கும்?" என்ற அத்தை, குரலைத் தாழ்த்தினாள். "நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாரேன். கசக்கும்லா?"

"அத்தை, இது ரசமில்ல. ருசி பார்த்து இறக்க. கேன்ல லேபிள் இருக்கு, என் கையில கணக்கு இருக்கு. ரெண்டும் பொய் சொல்லாது."

டாக்டரின் ஆள் பைசான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, ஜல்தி ஜல்தி என்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். சுதன் காகிதத்தில் மூன்று முறை வகுத்தான், இரண்டு முறை பெருக்கினான். மூன்றாவது தசமம் வரை புள்ளி இரண்டு. டிரம்மிலிருந்து ஒரு லிட்டரைப் பாட்டிலில் பிடித்து, அழகான கையெழுத்தில் லேபிள் ஒட்டினான். அத்தைகூட அசந்துபோய், கலவை அறையின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் துடைப்பமும் கையுமாக உள்ளே வந்தாள், கடையைக் கூட்டிக் கழுவும் நுஸ்ரத். மூலையில் கவிழ்ந்து கிடந்த கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

"இதையுமா காலி பண்ணிட்டிய அண்ணே? மருந்து தீந்துபோச்சேன்னு சனிக்கெழம நான்தான் இதுல குழாத்தண்ணி புடிச்சு வச்சேன். இனி கடையை எதைக் கொண்டு கழுவ?"