மச்சான் மீசையைத் தின்ற செல்கள்

தாய்மாமன் முகம் கோணினால் எங்கள் தேனிப் பக்கத்தில் காதுகுத்து நடக்காது. பிள்ளை உட்கார அவர் மடி வேண்டும். இது தெரிந்தும் அந்த முகத்தில் கைவைத்தவன் நான்.

அப்போது கம்ப்யூட்டருக்குள் செல்கள் வளர்த்துக்கொண்டிருந்தேன். (ஆடு, கோழி வளர்க்கத் துப்பில்லாதவன் வேறென்ன செய்வான்?) நிஜ உயிர் இல்லை, உயிர் போலவே நடந்துகொள்ளும். ஒரு படத்தில் விட்டால் கறுப்பைத் தின்னும், தின்றால் இரண்டாகப் பிரியும், இரை தீர்ந்தால் சாகும், செத்த இடத்தில் ஒரு நிறத்தை விட்டுப்போகும். விதி மட்டும்தான் என்னுடையது. வாழைத்தோப்புப் படம் கொடுத்தேன். கடலடிப் பவளமாக்கித் தந்தன. எழுதிய நானே வாயைப் பிளந்தேன்.

அண்ணன் மகள் காதுகுத்துக்கு அல்லிநகரம் மண்டபத்தில் பெரிய திரை வைத்தோம். மார்க்கையன்கோட்டையிலிருந்து அண்ணியின் அண்ணன், அதாவது என் மச்சான், சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கியதும் அவர் படம் திரையில் பூத்து விரிய வேண்டும் என்பது என் திட்டம். அந்தப் படத்திலேயே ரொம்பக் கறுப்பான இடம் எது என்று யோசிக்கவில்லை. புதிதாக மை அடித்துக்கொண்டு எடுத்த போட்டோ அது.

செல்கள் நேராக மீசைக்குப் போயின. (முதல் பந்திக்குப் பாய்கிறவர்கள் தோற்றார்கள்.) மேளம் நின்றது.

அண்ணி மெதுவாகக் கேட்டார். "தம்பி, எங்கண்ணன் மீசை எங்க?"

"வரவழச்சு மீசைய வழிக்கிறாக. தட்டத் தூக்குங்கப்பா" என்றார் சீரோடு வந்த பெரியவர் ஒருவர். மேடையில் இறக்கிய தட்டுகள் மறுபடி கைக்கு ஏறின. காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துணியில் சுற்றினார். அண்ணன் பார்த்த பார்வையில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. திரையை அணைக்க ஓடினேன்.

"நிறுத்தாத மாப்ள." மச்சான்தான்.

மீசை இருந்த இடத்திலிருந்து பச்சை கிளம்பிக் கன்னமெல்லாம் படர்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் நீலம் ஓடியது.

"நாத்து வேர் புடிக்கிற மாதிரியில்ல போகுது. யாரு வரையிறாக?"

"யாரும் வரையல மச்சான். அதுவா வளருது."

"திரும்பப் போட்டா இதே மாதிரி வருமா?"

"வராது. ஒவ்வொரு தடவையும் வேற."

மச்சான் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நம்ம மீசை இங்கன பத்திரமாத்தான் இருக்கு. தட்ட எறக்குங்கய்யா."

திரைக்கு எதிரிலேயே பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தார். அவளும் வேடிக்கை பார்த்ததில் முதல் காது குத்தியதே தெரியவில்லை. இரண்டாவதற்கு மண்டபம் அதிர அழுதாள். அவ்வளவு நிம்மதியான அழுகையை நான் கேட்டதே இல்லை.

வீட்டில் எனக்குக் கரையான் என்று பெயர் நிலைத்துவிட்டது. நான் போனால் அண்ணி போட்டோ ஆல்பத்தை எடுத்து உள்ளே வைக்கிறார். மச்சானோ செல்கள் கடைசியாக விட்டுப்போன படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால் நிதானமாகச் சொல்வார்: "நான்தான். சம்பந்தக்காரக தின்னது போக மிச்சம்."