பிடரிச் சாமியின் கருநிழல்

கொழும்பு வெள்ளவத்தையில் பிடரிக்கு மவுசு வந்த வருஷம் அது. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் திடீரென்று கழுத்தின் பின்பக்கத்துக்கும் அப்பத் தொடங்கினார்கள். காரணம், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டில் எழுந்தருளியிருந்த பிடரிச் சாமி.

தாலி முடிச்சு விழுவது பிடரியில். ஆகவே பெண்ணின் தோஷமும் பிடரியில்தான் குந்தியிருக்கும். இதுதான் சாமியின் மகத்தான கண்டுபிடிப்பு. சாதகம் பொய் சொல்லலாம், கமெரா சொல்லாதாம். பெண்ணின் பிடரியைப் படம் பிடித்து சாமியின் டப்லெட்டுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால், அது சுவரிலுள்ள பெரிய டிவியில் விழும். சாமி டப்லெட்டைக் காவித் துண்டால் மூடி, கையை உள்ளே விட்டு மந்திரம் முணுமுணுப்பார். டிவியில் பிடரி மெல்ல மெல்லக் கறுக்கும். கூட்டம் "முருகா!" என்று அலறும். டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாய் பிளந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் பிடரியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆண்களுக்குப் பிடரி கிடையாது போலும்.

அந்தக் கூட்டத்தில் கொட்டாஞ்சேனை றேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது அக்கா தாரிகாவுக்காக. தாரிகாவுக்கும் கார்த்திகனுக்கும் கலியாணம் நிச்சயம். மண்டபமும் பிடித்தாயிற்று. போன கிழமை கார்த்திகனின் தாய் கனகேஸ்வரி, வங்கி மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், மருமகளாக வரப்போகிறவளை இங்கே கூட்டிவந்தார்; படம் எடுத்து அனுப்பியது கூட வந்த றேணுகா. தாரிகாவின் பிடரியில் கருநாகம் சுற்றியிருக்கிறதாம். முடிச்சு விழுந்தால் மாமியாரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம். சாமி விற்கும் வெள்ளிக் காப்பைக் கட்டினாலும் நாகம் பாதிதான் இறங்குமாம். கலியாணத்தை நிறுத்துவோம் என்றார் கனகேஸ்வரி. தாரிகா அழவில்லை. வீட்டுக்கு வந்து, குளியலறைக்குள் போய், தோல் உரியும்வரை தேங்காய்த் தும்பால் பிடரியைத் தேய்த்தாள்.

அதைப் பார்த்துத்தான் றேணுகாவுக்கு விசர் கிளம்பியது. அவர்கள் வீட்டில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சாமியின் டிவியில் அவள் கண்டது நாகத்தை அல்ல, அக்காவின் சட்டையை. வெளிறிய சிவப்புச் சட்டை குங்குமச் சிவப்பாகியிருந்தது. பின்னாலிருந்த சுவர் கண்ணைக் கூசவைத்தது. தோஷம் பிடரியில் என்றால் சுவருக்கு என்ன பிடித்தது?

வீட்டில் அதே படத்தைத் தன் போனில் திறந்தாள். படம் திருத்தும் இடத்தில் 'கொன்ட்ராஸ்ட்' என்ற கோட்டை வலப்பக்கம் இழுத்தாள். கருநாகம் வாலோடு வந்து நின்றது. மந்திரம் தேவைப்படவில்லை.

உடனே கனகேஸ்வரிக்குப் போன் எடுத்தாள். "மாமி, அக்கா சரிவராட்டில் விடுங்கோ. வேறொரு பிடரி கைவசம் இருக்கு."

"பிள்ளை நல்ல நிறமோ?"

"அதைச் சாமியே சொல்லட்டும் மாமி."

இன்றைக்கு, கனகேஸ்வரியும் வந்து நிற்க, அந்தப் பிடரி டிவியில் விழுந்தது. துண்டுக்குள் கை போனது. படத்தில் மடிப்பெல்லாம் தார் ஊற்றியது போலக் கறுத்தது.

"ஐயையோ! இது பிடரியோ? பொரளைக் கனத்தைச் சுடலையே குடியிருக்கு!" என்றார் சாமி. "இது கால் வைக்கிற வீட்டில விளக்கெரியாது."

"இந்தப் பிடரிக்குச் சொந்தமான ஆள் ஏதும் சொன்னால் கேக்கலாமோ சாமி?" என்றாள் றேணுகா.

"ஒரு சொல்லும் கேக்கப்படாது!"

"காசு கேட்டால்?"

"ஒரு சதமும் குடுக்காதேங்கோ. வாசலோட கலைச்சு விடுங்கோ!"

"எல்லாரும் கேட்டனீங்கள்தானே?" என்று திரும்பிக் கேட்டுவிட்டு, றேணுகா அடுத்த படத்தை அனுப்பினாள். டிவியில் 'டிங்' என்றது. அதே படம், வெட்டாமல் முழுசாக. பிடரிக்கு மேலே பாதி வழுக்கை. காதில் கடுக்கன். கீழே காவிச் சால்வை. முன்னால் குத்துவிளக்கு. போன கிழமை விளக்கேற்றக் குனிந்தபோது றேணுகாவின் போனில் விழுந்த சாமியேதான்.

கூட்டம் மூச்சு விடவில்லை. சாமி விட்டார். "பக்தர்கள்ர தோஷத்தை நான் என்ர பிடரியில வாங்கிச் சுமக்கிறன்!"

"அதுதானே!" என்று உருகினார் ஒரு எஞ்சினியர். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

றேணுகா துண்டை உருவினாள். டப்லெட்டில் கோடும் புள்ளியும் எல்லோருக்கும் தெரிந்தன. புள்ளியை இடப்பக்கம் இழுத்தாள், பிடரி வெளுத்தது. வலப்பக்கம் இழுத்தாள், கறுத்தது. "இருட்டை இன்னும் இருட்டாக்கும், வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கும். இவ்வளவுதான் இந்தக் கோட்டின்ர வேலை. கொஞ்சம் கறுப்பாப் பிறந்த பிள்ளை எண்டால் நாகம் கெதியா வரும். வெள்ளைப் பிள்ளைக்கு வராது. இஞ்ச தோஷம் பாக்கேல்ல, நிறம் பாத்தவை!"

கனகேஸ்வரி முன்னால் வந்தார். கொண்டையைத் தூக்கிப் பிடித்தார். "என்ர பிடரியை எடு பிள்ளை."

எடுத்தாள். இழுத்தாள். மூன்று நாகம் படுத்திருந்தது.

கனகேஸ்வரி டிவியைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். "இதில தாலி விழுந்து என்ர மகனுக்கே கலியாண வயசாச்சு. மாமியார் செத்துப்போவா எண்டனீர். என்ர மாமி இண்டைக்குக் காலமையும் தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டு என்னை ஏசினவ, ஓய்!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. பிறகு காப்புகள் ஒவ்வொன்றாகச் சாமியின் மடியில் விழுந்தன. சாமி பின்கதவால் இறங்கினார். போகும்போதும் எல்லோருக்கும் பிடரியைத்தான் காட்டினார்.

படியிறங்கும்போது கனகேஸ்வரி மெல்லக் கேட்டார். "அக்காவிட்ட நான் வந்து கதைக்கட்டோ?"

"வாங்கோ மாமி. மன்னிப்பும் கேளுங்கோ. பிறகு அவள் யோசிச்சுச் சொல்லுவாள், உங்கட வீடு வேணுமோ வேண்டாமோ எண்டு."

பின்னால் அந்த எஞ்சினியரின் மனைவி கிசுகிசுத்தது கேட்டது. "கொட்டாஞ்சேனையில குதிக்கால் பாத்துச் சொல்லுற ஒருத்தர் இருக்கிறாராமே?"

றேணுகா நின்று திரும்பினாள்.

"அக்கா, பிடரி பாத்தாச்சு, இனிக் குதிக்காலோ? அதுக்கு முதல் பிடரிக்கு மேல ஒண்டு இருக்கு. அதை ஒருக்காத் திறந்து பாருங்கோ."