கரைந்துபோன கல்லும் கைக்கு எட்டாத மாறுதலும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அந்த முறையை இந்த ஒரு தடவை தள்ளிவைக்கிறேன், மன்னிக்கவும். தாங்கள் பணிபுரியும் மாநிலப் புவி அறிவியல் வள மையத்திலிருந்து, அதுவும் தங்கள் பிரிவின் வழியாகவே, எங்கள் பள்ளிக்கு அனுப்பிவைக்கப்பட்ட நீலநிறப் பெட்டியால் என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது. குடும்பம் என்றால் பாதிக் குடும்பம். மீதிப் பாதி, அதாவது நர்ஸ் வேலை பார்க்கும் என் மனைவியும் எங்கள் மூன்று வயதுப் பெண்ணும், ஒரு ராத்திரி பூரா பஸ்ஸில் போனால்தான் பார்க்கக்கூடிய ஊரில் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு எனக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது என்று அக்காவிடம் போனில் குதித்துக் குதித்துச் சொன்னேனே, அந்த உத்தரவு இப்போது என் சட்டைப் பையில் மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. மாசக் கடைசிக்குள் நான் அங்கே போய்ச் சேரவில்லை என்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். எல்லாம் ஒரு கல்லால். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் நான் கணக்கு வாத்தியார் என்பதை நினைவுபடுத்துகிறேன். எனக்கும் பூமிக்கும் அதன் மேல் நடப்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. புவி அறிவியல் பயிற்சிக்கு ஒரு ஆசிரியரின் பெயரை உடனே அனுப்பு என்று தங்கள் மையத்திலிருந்து கடிதம் வந்த அன்று, அறிவியல் டீச்சருக்குக் காய்ச்சல், புவியியல் சார் மகள் கல்யாண வேலையில் இருந்தார், தமிழையா வந்தார் ஆனால் கடிதத்தைப் பார்த்ததும் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டார். நான் மட்டும் அசடு மாதிரி லீவு போடாம வந்து உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. "சார், நீங்கதான் சும்மா இருக்கீங்க"ன்னு தலைமை ஆசிரியை என் தலையில கட்டிட்டாங்க. அறுபது கணக்கு நோட்டைத் திருத்திக்கிட்டிருக்கிறவன் சும்மா இருக்கிறவனாம்!

பயிற்சின்னு நீங்க அஞ்சு நாள் நடத்தறதைப் பத்தியும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. மேல இருந்து ஒருத்தர் நெஜமாவே மலையேறிப் போய் எரிமலையைப் பார்த்துட்டு வந்தாராம். அவர் சிலபேருக்குப் படம் போட்டுக் காட்டினாராம். அந்தப் படத்தைப் பார்த்தவங்கள்ல ஒருத்தர் கிட்ட பாடம் கேட்டவர்தான் எங்களுக்குப் பயிற்சி குடுக்க வந்தவர். எனக்கு முன்னாடி உயரமான ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததால நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். எரிமலை என் வரைக்கும் வந்து சேர்ந்த லட்சணம் இது. அப்புறம் எங்களைக் குழு குழுவாப் பிரிச்சு, பூமியோட அடுக்குங்க மாதிரி மேலோடு, கவசம், கருவம்னு பேர் வச்சாங்க. நான் கருவம். கருவம் பூமிக்கு நடுவுல இருக்கறதால நாங்க ஹால் நடுவுலதான் உட்காரணுமாம், அங்க ஃபேன் கிடையாது, "உள்ள சூடு அதிகம்னு இப்ப புரியுதுங்களா?"ன்னு கேட்டார் பயிற்சியாளர். புரிஞ்சுதுங்க. அதுக்கப்புறம் நிலநடுக்கம். பிஸ்கட்டை அடுக்கி வீடு கட்டணும், மேசையை ஆட்டணும், எந்த வீடு நிக்குதுன்னு பார்க்கணும். நாங்க கட்டி முடிக்கவும் டீ வரவும் சரியா இருந்துச்சு. மேசையை ஆட்டறதுக்கு முன்னாடியே மேலோடு குழுக்காரங்க ரெண்டு மாடியைத் தின்னுட்டாங்க. "சேதம் முழுமை"ன்னு எழுதிக் குடுத்தோம். நல்ல முடிவுன்னு பாராட்டினாங்க.

அதோட போச்சுன்னு நினைச்சேன். பின்னாடியே பெட்டி வந்துது. இருபது கல்லு, ஒவ்வொண்ணு மேலயும் ஒட்டின நம்பர், எந்த நம்பர் எந்தக் கல்லுன்னு மூடியில அச்சடிச்சிருக்கு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. பிள்ளைங்க கையில குடுத்துடலாம்னு வகுப்புக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன். தலைமை ஆசிரியை வராந்தாவிலயே மடக்கிட்டாங்க. "தொலைஞ்சா யார் பதில் சொல்றது? பெட்டி உங்க பொறுப்பு சார், ஆனா என் அலமாரியில இருக்கட்டும்." பொறுப்பு எனக்கு, சாவி அவங்களுக்கு. பிள்ளைங்க வரிசையா நின்னு ஜன்னல் வழியா அலமாரியைப் பார்த்துட்டுப் போச்சுங்க. அதைப் "பாறைகளை நேரில் காணல்"னு மாதாந்திர அறிக்கையில அவங்களே எழுதிட்டாங்க.

இந்த நேரத்துலதான் எனக்கு மாறுதல் உத்தரவு வந்துது. சந்தோஷத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதே வாரம் பெட்டியைப் பார்க்க மேலதிகாரி வர்றார்னு தகவல். தலைமை ஆசிரியை அலமாரியைத் திறந்து பார்த்துட்டு, "ஐயையோ, என்ன இது, கல்லெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கு?"ன்னு பதறி, பியூனைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் சோப்புத்தூள் போட்டு ராத்திரி பூரா ஊற வைக்கச் சொல்லிட்டாங்க. அத்தான், அழுக்குன்னா என்ன, அது கல்லோட நிறம்! அவரும் சொன்னதைச் செய்யற மனுஷன், ஊறவச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல வரிசையாக் காயவும் வச்சுட்டார். காலையில நான் போய்ப் பார்த்தா பக்கெட் தண்ணியில நம்பர் எல்லாம் மிதக்குது. சுவர் ஓரமாக் கல்லு பத்தொன்பதுதான் காயுது.

கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன். சாக்கடையில கை விட்டேன். பியூனோட சட்டைப் பையைக்கூடப் பார்த்துட்டேன், பாவம், அவர் இன்னும் என் கூட சரியாப் பேசறதில்ல. அப்புறம்தான் மூடியில இருந்த பட்டியலை ஒண்ணொண்ணாப் படிச்சேன். அதுல ஒண்ணு உப்புப் பாறை. எனக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பக்கெட்டுல விரலை விட்டு நாக்குல வச்சேன். சோப்பைத் தாண்டியும் கரிச்சுது. அழுதா கல்லும் கரையும்னு சொல்லுவாங்க. எனக்கு அந்த வேலையும் வைக்காம, நான் அழறதுக்கு முன்னாடியே அது கரைஞ்சிடுச்சு.

தலைமை ஆசிரியை கிட்ட போய்ச் சொன்னேன். "கல்லு கரையுமா சார்? என்னை என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைன்னு நினைச்சீங்களா?" அப்படீன்னாங்க. "உப்புக்கல்லு மேடம்"னேன். "உப்போ புளியோ, இருபதை எண்ணி ஒப்படைங்க, அப்பத்தான் விடுவிப்பு உத்தரவுல கையெழுத்துப் போடுவேன்"னுட்டாங்க. கடையில போய்க் கட்டியா ஒரு உப்பு வாங்கிட்டு வந்து வச்சேன். "இது சமையல் உப்பு, அது அரசாங்க உப்பு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. "கிரவுண்டுல இல்லாத கல்லா சார், ஒண்ணை எடுத்துப் போடுங்க"ன்னு விளையாட்டு வாத்தியார் யோசனை சொன்னார். வயித்தெரிச்சல்ல அதையும் செஞ்சு பார்த்தேன். அவங்க அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது என் ஸ்கூட்டருக்கு அண்டக் குடுக்கற கல்லாச்சே"ன்னாங்க. அந்த வட்டாரத்துல எத்தனை ஆயிரம் கல்லு கிடக்கு, என் கைக்கு அதுதானா அகப்படணும்?

மேலதிகாரி வேற வந்து நின்னார். நம்பர் இல்லாத பத்தொன்பது கல்லுக்கும் நாங்களே நம்பர் ஒட்டியிருந்தோம். கறுப்பா இருந்ததெல்லாம் எரிமலைப் பாறை, வெள்ளையா இருந்ததெல்லாம் சலவைக்கல், ரெண்டும் இல்லாதது மணற்கல். அவர் ஒரு மணற்கல்லை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, "அருமையான எரிமலைப் பாறை"ன்னார். நாங்க எல்லாரும் ஆமாம்னோம். அவருக்கும் எனக்கும் பயிற்சி குடுத்தவர் ஒரே ஆளாத்தான் இருக்கணும். போகும்போது, காணாமப்போன கல்லுக்கு நான் விளக்கம் எழுதி மாநில மையத்துக்கு அனுப்பணும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

எழுதினேன். கோபத்துல நாலு பக்கம் எழுதினேன். கடல் எப்படி வத்திப் போகும், உப்பு எப்படிப் பாறையாகும், அதைத் தண்ணியில போட்டா ஏன் ஒண்ணும் மிஞ்சாதுன்னு, கண்ட புத்தகத்தை எல்லாம் புரட்டிப் படிச்சு, கடை உப்புக் கட்டியைத் தலைமை ஆசிரியை மேசை மேலேயே ஒரு டம்ளர்ல போட்டுக் கரைச்சுக் காட்டி, அதையும் எழுதி அனுப்பினேன். டம்ளரைப் பார்த்துட்டு அவங்க, "உப்பு கரையும்னு எனக்குத் தெரியாதா? கல்லு கரையுமான்னுதான் கேட்டேன்"னாங்க.

அத்தான், சிரிக்காதீங்க. போன தடவை வீட்டுக்குப் போனப்ப என் பொண்ணு என்னைப் பார்த்து மிரண்டு அவ அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. தினம் சாயங்காலம் போன்ல என் கூடப் பேசற பிள்ளை அது. "அப்பா வந்திருக்கேன்டா"ன்னா, போனைக் காட்டி, "அப்பா இதுல"ங்கறா. பக்கத்து ரூமுக்குப் போய்ப் போன் போட்டேன். உடனே சிரிச்சுக்கிட்டு, இங்க ஒரு மாமா வந்திருக்கார்னு என் கிட்டயே சொன்னா. அவ அம்மா ராத்திரி ஷிப்டுக்குப் போனா, பக்கத்து வீட்டுக்காரங்கதான் பிள்ளையைத் தூங்க வைக்கிறாங்க. நான் இங்க உப்புக்குக் காவல் இருக்கேன்.

அதனால உங்களை ரெண்டு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஒண்ணு, உங்க பிரிவுலேர்ந்து ஒரே ஒரு வரி, "கல் கரைந்தது உண்மை, ஆசிரியர் மேல் குற்றமில்லை"ன்னு எழுதி அனுப்ப வழி பண்ணுங்க. இன்னொண்ணு, இந்தப் பயிற்சியை அடியோட ஒழிச்சுடுங்க. அஞ்சு நாள் எதுக்கு? அரை நாள் கூட வேண்டாம். ஒரு மனுஷனைக் குடும்பத்தை விட்டுப் பிரிச்சு, ஃபேன் இல்லாத ஹால்ல உட்கார வச்சு, பிஸ்கட்டை ஆட்டச் சொல்றதுல யாருக்கு என்ன லாபம்? உங்க மையத்தையே இழுத்துப் பூட்டினாலும் பூமி பாட்டுக்குச் சுத்தும். அக்கா முகத்துக்காக இதோட நிறுத்திக்கறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவள் கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்குத் திட்ட வேண்டாம், லீவில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். சின்னவன் நன்றாக வளர்ந்து, எந்தப் பெட்டிக்கும் பொறுப்பாகாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், உறையை ஒட்டப் போற நேரத்துல உங்க மையத்துலேர்ந்து பதில் வந்துடுச்சு. என் விளக்கத்தைப் பெரியவங்க எல்லாரும் படிச்சாங்களாம். இவ்வளவு தெளிவா ஒரு ஆசிரியர் எழுதி அவங்க பார்த்ததே இல்லையாம். அதை அப்படியே அச்சடிச்சு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பி, இனிமே மாநிலம் பூரா உப்புப் பாறையைத் தண்ணியில போட்டுக் கரைச்சுக் காட்டணும்னு முடிவு பண்ணிட்டாங்க. என்னை மாநிலப் பயிற்சியாளராப் போட்டாச்சு. பயிற்சியாளரை இடம் மாத்தக் கூடாதுங்கறதால மாறுதல் ரத்து. அதைப் படிச்சுட்டு நான் கத்தின கத்துல பியூனே என் கிட்ட வந்து என்னாச்சு சார்னு கேட்டார். அப்புறம்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முதல் பயிற்சி என் மனைவி இருக்கற ஊர்லயே, அவ ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கற ஹால்ல. அடுத்த வாரம் ஆரம்பம். அதனால மேல எழுதினதை எல்லாம் மறந்துடுங்க, கிழிச்சே போட்டுடுங்க. பயிற்சியைப் போல உசத்தியான காரியம் உலகத்துல உண்டா? ஆனா அஞ்சே நாள்னு போட்டிருக்காங்களே, இது நியாயமா? கல்லே இருபது இருக்கு. எரிமலை இருக்கு, நிலநடுக்கம் இருக்கு, கடலை நான் தொடவே இல்ல. கோடிக்கணக்கான வருஷமா உருவான பூமியை அஞ்சு நாள்ல நடத்தி முடிக்கச் சொன்னா ஆசிரியர்களுக்கு எப்படிப் புரியும்? உங்க பிரிவுலதானே நாள் கணக்கு முடிவாகுது, கொஞ்சம் மனசு வைங்க. இப்பத்தான் அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எத்தனை நாள் இருப்பீங்கன்னு கேட்டா. நாளைக்குச் சொல்றேன்னு வச்சுட்டேன், அத்தான்.